ஆளுக்கொரு வழி: தண்டுவடத்துக்கு இரத்தம் வந்து சேரும் விதம்

(மருத்துவமனை நண்பர்களின் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



 உங்களில் அநேகர் வெகுதூரம் பிரயாணம் பண்ணி வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வார்டுகளில் நடக்கும் ஊழியத்தைக் குறித்து நாங்கள் பேசுவதுண்டு. இந்த முறை மனித சரீரத்திலுள்ள மிகச் சிறிய ஓர் இரத்தக்குழாயைக் குறித்துப் பேச விரும்புகிறோம். போதகருக்கும் இரத்தக்குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலாவது சொல்லிவிடுகிறோம்.

இருதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய இரத்தக்குழாய்க்கு மகாதமனி என்று பெயர். சிலருக்கு அதன் சுவர் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்புவதுபோல உப்பிக்கொள்ளும். அப்படியே விட்டால் ஒருநாள் வெடித்துவிடலாம். வெடித்தால் பிழைப்பது அரிது. அந்த ஆபரேஷன் நம்முடைய மருத்துவமனையில் செய்யப்படுவதில்லை. பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே கையெழுத்துப் போடச் சொல்லும் சம்மதப் படிவத்தில், ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு கால்களும் செயலிழக்கக்கூடும் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்தவுடன் குடும்பத்தார் கலங்கிப்போய் எங்களிடம் வருகிறார்கள். "ஐயா, ஆபரேஷன் நெஞ்சிலே. கால் ஏன் போகவேண்டும்?" என்பது அவர்களுடைய முதல் கேள்வி. "கால் போகுமா போகாதா என்று டாக்டரிடம் கேட்டால், நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும் என்கிறாரே, அவருக்கே தெரியாதா?" என்பது இரண்டாவது கேள்வி.

டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அது உண்மையல்ல. "ஆளுக்கு ஆள் மாறும்" என்பது நழுவலான பேச்சும் அல்ல. சுமார் 140 வருஷங்களாக அநேக மருத்துவர்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த உண்மை அது. அந்த உண்மையை அறிந்துகொண்டபடியினாலேதான் இன்றைக்கு அநேகர் தங்கள் கால்களால் நடந்து வீடு திரும்புகிறார்கள். அதை எளிய வார்த்தைகளில் உங்களுக்கு விளக்க முயலுகிறோம். உங்கள் சபையிலோ குடும்பத்திலோ ஒருவர் இந்த நிலைக்கு வந்தால் உங்களுக்கு உதவியாயிருக்கும்.

தண்டுவடமும் அதன் வாய்க்கால்களும்

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு என்பதை முதலாவது மனதில் வைத்துக்கொள்ளுவோம். முதுகெலும்பு என்பது வளையம் வளையமாக அடுக்கிய எலும்புகளின் தூண். அந்த வளையங்களுக்கு உள்ளே, மூளையிலிருந்து இறங்கி வருகிற மெல்லிய நரம்புக் கயிறுதான் தண்டுவடம். சராசரி மனிதனுக்கு அதன் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். கனம் நம் சுண்டுவிரல் அளவு. அதிலிருந்து இடமும் வலமுமாக 31 ஜோடி நரம்புகள் கிளம்பி, எலும்புகளுக்கு இடையிலுள்ள துவாரங்கள் வழியாக வெளியே போகின்றன. நடக்கிறதும், கையைத் தூக்குகிறதும், சிறுநீரை அடக்குகிறதும், சூட்டையும் வலியையும் உணருகிறதும் எல்லாம் இந்த ஒரு கயிற்றின் வழியாகவே நடக்கிறது.

இந்தக் கயிற்றுக்கு இரத்தம் வேண்டும். அதற்காக மேலிருந்து கீழாக மூன்று நீளமான தமனிகள் ஓடுகின்றன. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு. முன்பக்கத்து ஒற்றைத் தமனிதான் தண்டுவடத்தின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் போஷிக்கிறது. மீதியைப் பின்பக்கத்து இரண்டும் பார்த்துக்கொள்ளுகின்றன.

முன்பக்கத்து ஒற்றைத் தமனி கழுத்துக்கு மேலே இரண்டு சிறு கிளைகள் ஒன்றாய்ச் சேர்ந்து உண்டாகிறது. ஆனால் மேலே புறப்பட்ட இரத்தம் மாத்திரம் கடைசி வரைக்கும் போதாது. நெடுந்தூரம் ஓடும் வாய்க்காலுக்கு வழியிலே வேறு மதகுகளிலிருந்தும் தண்ணீர் வந்து சேரவேண்டும் அல்லவா? அதுபோலவே வழிநெடுக, மகாதமனியிலிருந்து விலாவுக்கும் இடுப்புக்கும் போகிற கிளைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் பிரிந்து, நரம்பு வெளிவருகிற துவாரத்தின் வழியாக உள்ளே நுழைந்து, இந்த முன்பக்கத்துத் தமனியோடு சேர்ந்து இரத்தம் ஊட்டுகின்றன.

இங்கேதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தொடங்குகிறது. தாயின் கர்ப்பத்தில் சிசு உருவாகும் ஆரம்ப வாரங்களில், ஒவ்வொரு ஜோடி நரம்போடும் இப்படி ஒரு ஊட்டுக்குழாய் இடமும் வலமுமாகக் கூடவே வருகிறது. 31 ஜோடி என்றால் 62 வழிகள். சிசு வளர வளர இவைகளில் பெரும்பாலானவை சுருங்கித் தண்டுவடத்தை எட்டாமலே நின்றுபோகின்றன. கடைசியில் முன்பக்கத்துத் தமனிக்கு இரத்தம் ஊட்ட, அநேகருக்கு ஆறு முதல் பத்துக் குழாய்கள் மாத்திரமே மிஞ்சும். சிலருக்கு அதிலும் குறைவு, சிலருக்குக் கூடுதல். எந்தக் குழாய் மறையும், எந்தக் குழாய் மிஞ்சும் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு கணக்கு இல்லை.

மிஞ்சிய குழாய்கள் சம தூரத்தில் அமைவதும் இல்லை. கழுத்துப் பகுதிக்குப் பல வழிகள் உண்டு. இடுப்பை ஒட்டிய கீழ்ப்பகுதிக்குப் பெரிய குழாய் ஒன்று உண்டு. நடுமார்புக்கு நேரான பகுதியிலோ வந்து சேரும் குழாய்கள் மிகவும் சொற்பம். கடைமடை விவசாயியின் பாடு உங்களுக்குத் தெரியும். ஆற்றிலே தண்ணீர் நிறைய ஓடும் வருஷத்தில் அவன் வயலும் விளையும்; தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவன் வயல்தான். தண்டுவடத்தின் நடுப்பகுதியும் அப்படிப்பட்ட கடைமடைதான். இரத்த அழுத்தம் அதிகம் தாழ்ந்துபோனால் முதலில் ஆபத்துக்குள்ளாகிற இடங்களில் அதுவும் ஒன்று.

கிராக்கோவில் கண்டுபிடித்த பெரிய குழாய்

கீழ்ப்பகுதிக்குப் பெரிய குழாய் ஒன்று உண்டு என்று சொன்னோம். அதை விவரமாக எழுதியவர் ஆல்பர்ட் ஆடம்கீவிச். 1850இல் பிறந்த போலந்து தேசத்து மருத்துவர். கிராக்கோ நகரத்தின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்தார். அந்நாளில் அந்த நகரம் ஆஸ்திரிய ஆட்சியின்கீழ் இருந்தது. மனித தண்டுவடத்தின் இரத்தக்குழாய்களைக் குறித்து 1881லும் 1882லும் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இன்றைக்கும் பேசப்படுகின்றன. அவர் விவரித்த அந்தப் பெரிய ஊட்டுக்குழாய்க்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. அவர் 1921இல் மரித்தார். அந்த ஆராய்ச்சிகள் வெளியான சில வருஷங்களுக்குப்பின் ஹென்றிக் காடி என்ற மற்றொரு போலந்து பேராசிரியர் லெம்பெர்க் நகரத்தில் இதே ஆராய்ச்சியை மேலும் விரிவாகச் செய்து 1889இல் புத்தகமாக வெளியிட்டார்.

"பெரிய குழாய்" என்று சொல்லும்போது நீங்கள் ஏமாந்துபோகக் கூடாது. அதன் குறுக்களவு சுமார் ஒரு மில்லிமீட்டர். மற்ற ஊட்டுக்குழாய்கள் அதைவிட மெல்லியவை என்பதாலேயே இது பெரியது. துவாரத்தின் வழியாக உள்ளே வந்து, மேல்நோக்கி ஏறி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் போலச் சட்டென்று திரும்பிக் கீழே இறங்குகிறது. படத்தில் பார்த்தால் அந்த வளைவைக் கொண்டுதான் மருத்துவர்கள் அதை அடையாளம் கண்டுகொள்ளுகிறார்கள். தண்டுவடத்தின் கீழ்ப்பாகம், அதாவது கால்களை ஆளுகிற பாகம், பெரும்பாலும் இந்த ஒன்றையே நம்பியிருக்கிறது.

சரி, அது எங்கே இருக்கிறது? ஆபரேஷன் செய்கிறவருக்கு வேண்டியது இந்த விடைதான். 2019ஆம் ஆண்டில் மருத்துவர்கள் 60 ஆய்வுகளைச் சேர்த்து, 5,437 பேருடைய விவரங்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் அதே கிராக்கோ நகரத்து மருத்துவர்களும் இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்கள் கண்டது இதுதான். அந்தக் குழாய் 100 பேரில் ஏறக்குறைய 77 பேருக்கு இடதுபக்கத்திலிருந்து வருகிறது. மற்றவர்களுக்கு வலதுபக்கத்திலிருந்து வருகிறது. 100இல் சுமார் 89 பேருக்கு எட்டாவது மார்பு எலும்புக்கும் முதலாவது இடுப்பு எலும்புக்கும் நடுவே எங்கேயோ ஓரிடத்தில் நுழைகிறது. மீதிப் பேருக்கு அதற்கு மேலேயோ கீழேயோ நுழைகிறது. பெரும்பாலோருக்கு அது ஒன்றுதான். சிலருக்கு ஒன்றுக்கு மேலும் உண்டு. 100இல் சுமார் 15 பேருக்கு அப்படியொரு குழாயைத் தெளிவாகக் காணவே முடியவில்லை.

வேறு விதங்களும் உண்டு. சிலருக்கு இந்தப் பெரிய குழாய் வழக்கத்தைவிட உயரத்திலேயே நுழைந்துவிடும். அப்படிப்பட்ட சிலருக்குத் தண்டுவடத்தின் நுனிக்கு இரத்தம் கொண்டுவர, இடுப்புக்குக் கீழே இருந்து தனியாக ஒரு குழாய் நரம்போடு சேர்ந்து மேலே ஏறிவரும். கழுத்துப் பகுதியில் சிலருக்கு முன்பக்கத்துத் தமனி ஒற்றையாய் இராமல் கொஞ்ச தூரம் இரட்டையாகவே ஓடும்.

இந்தக் கணக்கை ஒரு விசை நிதானித்துப் பாருங்கள். "இடதுபக்கம் இருக்கும்" என்று ஒரு மருத்துவர் நம்பி வேலை செய்தால், நான்கு பேரில் மூன்று பேருக்கு அது சரியாயிருக்கும். நான்காவது ஆள் என்ன ஆவார்? அவரும் யாரோ ஒருவருடைய தகப்பன்; யாரோ ஒருத்தியின் புருஷன். நூறு பேருடைய சராசரியைக் கொண்டு அந்த ஒருவருடைய சரீரத்தைத் தொட முடியாது. பாடப்புத்தகத்துப் படம் தேடவேண்டிய இடத்தைக் காட்டும். இவருக்கு எங்கே இருக்கிறது என்பதை இவருடைய சரீரத்தில் பார்த்தே அறியவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆடம்கீவிச்சின் நாட்களில் ஸ்கேன் கிடையாது. மரித்தவர்களின் சரீரங்களைத் திறந்து பார்த்தே இவையெல்லாம் அறியப்பட்டன. அந்த மரித்தவர்கள் யாரென்று ஒரு புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆனாலும் அவர்களுடைய சரீரங்கள் கற்பித்ததை வைத்துத்தான் இன்றைக்கு உயிரோடிருக்கிறவர்களின் கால்கள் காப்பாற்றப்படுகின்றன. அவர்களையும் நன்றியோடே நினைத்துக்கொள்ளுவது நல்லது.

நெஞ்சிலே ஆபரேஷன், கால் ஏன் போகிறது?

இப்போது குடும்பத்தாரின் முதல் கேள்விக்கு வருவோம். உப்பிய மகாதமனியைச் சரிசெய்ய வேண்டுமானால், அதன் வழியாக ஓடுகிற இரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, கெட்டுப்போன பாகத்தை வெட்டி, செயற்கைக் குழாயை வைத்துத் தைக்கவேண்டும். கெட்டுப்போன அந்தப் பாகத்திலிருந்துதான் தண்டுவடத்துக்குப் போகிற கிளைகளும் புறப்படுகின்றன. வயலுக்குப் போகும் மதகு இருக்கும் கரையையே வெட்டி மாற்றுவதுபோல அது. நரம்புத் திசு இரத்தமில்லாமல் வெகுநேரம் தாங்காது. பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றும் இல்லாமல் அடைப்பு அரைமணி நேரத்தைத் தாண்டும்போது ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது என்பதை மருத்துவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

1950களில் அமெரிக்காவில் இந்த ஆபரேஷன்கள் தொடங்கின. ஹூஸ்டன் நகரத்தில் மைக்கேல் டிபேக்கியும், அவருக்குப்பின் ஸ்டான்லி கிராஃபோர்டும் இதில் பேர்பெற்றவர்கள். கிராஃபோர்டும் அவருடைய குழுவினரும் ஆபரேஷன் செய்த 1,509 பேரின் விவரம் 1993இல் வெளியாயிற்று. அதில் 234 பேருக்கு, அதாவது 100க்கு சுமார் 16 பேருக்கு, கால்கள் செயலிழந்தோ பலவீனப்பட்டோ போயின. உலகத்திலேயே கைதேர்ந்தவர்களின் கையில் நடந்ததே இப்படி. உயிர் தப்பியது, ஆனால் நடை போயிற்று. அந்த ஆபரேஷனை வேண்டாம் என்று தள்ளினாலோ மகாதமனி வெடித்துவிடும் பயம். அந்தக் குடும்பங்கள் எப்படிப்பட்ட நெருக்கத்தில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்பக்கத்துத் தமனியில் இரத்தம் நின்றுபோனால் வரும் வாதத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கால்கள் அசையாது. வலி தெரியாது, சூடும் குளிர்ச்சியும் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது காலை யாராவது தூக்கினால், தூக்கியிருக்கிறார்கள் என்பது தெரியும். அந்த உணர்வு தண்டுவடத்தின் பின்பக்கமாக வருகிறது. பின்பக்கத்துக்கு வேறு இரண்டு தமனிகள் உண்டல்லவா? தன் கால் எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்தும் அதை அசைக்கமுடியாமல் படுத்திருப்பது மனதுக்கு மிகவும் பாரமான நிலை. கால் வைத்திருக்கும் இடம் தெரிகிறதே, அசையும் சக்தியும் திரும்பிவிடும் என்று சொல்லி உறவினர்கள் வீண் நம்பிக்கை ஊட்டுவதும் உண்டு. இந்தக் காரணத்தை அறிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

முதுகுவலி ஊசியிலும் இந்தக் குழாயைக் குறித்த ஜாக்கிரதை வேண்டும். நரம்பு வெளிவரும் துவாரத்தின் அருகே ஸ்டீராய்டு மருந்து செலுத்துவது இக்காலத்தில் சாதாரண சிகிச்சை. பெரும்பாலோருக்குத் தீங்கில்லாமல் முடிகிறது. ஆனால் இந்த ஊட்டுக்குழாயும் அதே துவாரத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. மருந்தின் துகள்கள் அதற்குள் போய் அடைத்துக்கொண்டதால் கால்கள் போனதாகக் கருதப்படும் சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. முதுகெலும்புக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசியினால் அபூர்வமாக இத்தகைய பெரும் பாதிப்புகள் நேரிடலாம் என்று அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. வலதுபக்கம்தானே, பயமில்லை என்று யாரும் அசட்டையாயிருக்க முடியாது. நான்கில் ஒருவருக்கு அது வலதுபக்கத்தில்தான் இருக்கிறது. அதனாலே இப்போது எக்ஸ்ரே திரையில் ஊசியின் முனையைப் பார்த்து, முதலில் படத்தில் தெரியும் மருந்தைச் செலுத்திச் சரிபார்த்து, பிறகே சிகிச்சை மருந்தைச் செலுத்துகிறார்கள். துகள் இல்லாத மருந்தையே தேர்ந்தெடுக்கிறவர்களும் அநேகர்.

பார்த்து அறியும் வழியும், காக்கும் வழியும்

1960களில் பாரிஸ் நகரத்தில் ரெனே ஜிண்ட்ஜியானும், அமெரிக்காவில் ஜியோவானி டி கீரோவும் உயிரோடிருக்கிறவரின் தண்டுவடத் தமனிகளைப் படமெடுக்கும் முறையை வளர்த்தார்கள். மெல்லிய குழலை இரத்தக்குழாய் வழியாகக் கிளைகளுக்குள் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றிப் படம் பிடித்தார்கள். அதுமுதல் ஒவ்வொருவருக்கும் அவரவருடைய வழியைப் பார்க்க முடிந்தது. இன்றைக்கு சி.டி. ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும், குழல் செலுத்தாமலே பலருக்கு அதைக் கண்டுபிடிக்க முடிகிறது. எல்லாருக்கும் தெளிவாய்த் தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

பிறகு இன்னொரு காரியம் தெரியவந்தது. பெரிய குழாய் அடைபட்டும் சிலருடைய கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் காப்பாற்றியும் சிலருக்கு வாதம் வந்தது. இது எப்படி? நியூயார்க் நகரத்தில் ராண்டல் கிரீப் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்தார்கள். தண்டுவடம் ஒரே ஒரு குழாயை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. எலும்பைச் சுற்றியும், முதுகுத் தசைகளுக்குள்ளும் சிறு குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. ஒரு வழி அடைபட்டால் வேறு வழியாக இரத்தம் சுற்றி வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பன்றிகளில் செய்த சோதனைகளில், கிளைகளைக் கட்டிய சில நாட்களுக்குள் இந்த வலையிலுள்ள குழாய்கள் பெரிதாகி, வேலையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கின. பெரிய மதகு அடைபட்டபின் ஊரிலுள்ள சிறு ஓடைகள் எல்லாம் சேர்ந்து வயலைக் காப்பதுபோல இது.

ஆனால் இந்த வலையும் எல்லாருக்கும் ஒரே அளவில் பலமுள்ளதல்ல. அது தயாராவதற்கு அவகாசமும் வேண்டும். இரத்த அழுத்தமும் தாழாதிருக்கவேண்டும். ஆகவே, முடிந்தவர்களுக்கு ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்யாமல், இரண்டு கட்டமாக இடைவெளி விட்டுச் செய்கிறார்கள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறினால் இரத்தம் உள்ளே போவது தடைபடும். அதனால் முதுகில் மெல்லிய குழாய் வைத்து அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். ஹூஸ்டனில் 145 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002இல் வெளியாயிற்று. நீரை இறக்காதவர்களில் 100க்கு 13 பேருக்குக் கால் பாதிப்பு வந்தது. நீரை இறக்கியவர்களில் 100க்கு மூன்று பேருக்கும் குறைவாகவே வந்தது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக உறைகுழாய் வைக்கும் முறையும் 1990களிலிருந்து வளர்ந்திருக்கிறது. அந்தக் குழாயும் கிளைகளின் வாயை மூடக்கூடும் என்பதால், அதிலும் ஆபத்து அடியோடு நீங்கிவிடவில்லை; ஜாக்கிரதை அங்கேயும் தேவை.

நாம் செய்யக்கூடியது என்ன?

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லுவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த வாதம் சிலருக்கு ஆபரேஷன் முடிந்த உடனே வருவதில்லை. கண் விழித்தவுடன் காலை நன்றாக அசைப்பார்கள். எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். சில மணி நேரத்துக்கோ சில நாட்களுக்கோ பிறகு, இரத்த அழுத்தம் தாழும்போது, கால் பலவீனப்படத் தொடங்கும். அந்த நேரத்தில் உடனே கவனித்து, இரத்த அழுத்தத்தை ஏற்றி, முதுகு நீரை இறக்கினால் அநேகருக்குச் சக்தி திரும்பியிருக்கிறது. தாமதித்தால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போய்விடும்.

அதனால்தான் அங்கே சிஸ்டர்கள் இரவும் பகலும் நேரம் தவறாமல் வந்து நோயாளியை எழுப்பி, "கால் விரலை அசையுங்கள்" என்று சொல்லுகிறார்கள். "இப்போதுதான் அசந்து தூங்கினார், ஏன் எழுப்புகிறீர்கள்?" என்று உறவினர்கள் கோபித்துக்கொள்ளுவதை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். தயவுசெய்து கோபப்படாதிருங்கள். சிஸ்டர் கேட்கும் அந்த ஒரு வார்த்தையில் ஒரு மனிதனுடைய நடை அடங்கியிருக்கிறது. வார்டுக்கு மாற்றியபின் நீங்கள் பக்கத்தில் இருந்தால், நீங்களும் கேளுங்கள். "கால் கனக்கிறது, மரத்தது போலிருக்கிறது" என்று நோயாளி சொன்னால், காலையில் டாக்டர் வரட்டும் என்று காத்திராமல் அந்த நிமிஷமே சிஸ்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின்பு, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த இரத்த அழுத்த மாத்திரையை யாரையும் கேட்காமல் பழைய அளவிலே தொடங்காதிருங்கள். எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பாகவும் பயப்படாமல் கேளுங்கள். "இவருக்கு அந்தக் குழாய் ஸ்கேனில் தெரிகிறதா? தண்டுவடத்தைக் காக்க என்ன ஏற்பாடு செய்யப்போகிறீர்கள்? ஒரே கட்டமா, இரண்டு கட்டமா?" என்று தாழ்மையோடே கேட்டால், நல்ல மருத்துவர் யாரும் கோபிக்கமாட்டார். "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்ற வார்த்தை காதுக்கு இனிமையானது. ஆனால் "ஆபத்து உண்டு, இவருக்கு எப்படி இருக்கிறதென்று பார்த்திருக்கிறோம், இன்னின்ன செய்யப்போகிறோம்" என்கிறவர்தான் அந்த ஒருவரை உண்மையாகவே கவனித்திருக்கிறார். இப்படிச் சொல்லப்பட்ட உண்மையைக் கேட்ட குடும்பங்கள், முடிவு எதுவானாலும், அதைத் தாங்கிக்கொள்ளுகிறதை நாங்கள் பல வருஷங்களாகப் பார்த்துவருகிறோம். ஒன்றும் சொல்லப்படாதவர்களோ, ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்போடே வருஷக்கணக்காய் வாழுகிறார்கள்.

எல்லா ஜாக்கிரதையும் எடுத்தும் சிலருக்குக் கால்கள் போய்விடுகின்றன. அவர்களுக்கு என்ன சொல்லுகிறது? வேலூரில் வாழ்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாளை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். அவர்களுக்கு நேர்ந்தது இரத்தக்குழாய்க் குறையல்ல. 1954இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் சேதப்பட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாயிருந்தார்கள். 1986இல் அவர்கள் மரித்தபின்பும் அந்த வேலை தொடர்கிறது. தண்டுவடம் சேதப்பட்ட எத்தனையோ பேர் சக்கர நாற்காலியில் உட்காரவும், படுக்கைப் புண் வராமல் காத்துக்கொள்ளவும், மறுபடியும் சம்பாதிக்கவும் அங்கே கற்றிருக்கிறார்கள். நடை போனதோடு வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்பதை, அப்படி வாழ்ந்து காட்டியவர்களைச் சுட்டிக்காட்டியே நாங்கள் வார்டில் சொல்லுகிறோம்.

பிரியமானவர்களே, எங்களுக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் மருத்துவருக்கு மாத்திரம் உரியதல்ல. கட்டில் எண்ணையும் வியாதியின் பெயரையும் பார்த்துவிட்டு, இவருக்கும் முந்தினவருக்குச் சொன்ன அதே ஆறுதலைச் சொல்லலாம் என்று எண்ணுவது எங்களுக்கும் சுலபம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் குழாய்கூட ஒவ்வொருவருக்கும் தனித்தனி வழியாய் வருகிறதென்றால், ஒவ்வொருவருடைய துக்கமும் தனித்தனி வழியாகத்தானே வரும்? ஆகையால் முதலில் உட்கார்ந்து, இவரைக் கேட்டறிந்து, பிறகே வாய்திறக்கவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். நீங்களும் உங்கள் ஊர்களில் வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்காகக் காத்திருக்கிறவர்களையும், அவர்களுடைய கால்மாட்டில் உட்கார்ந்து விரல் அசைகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறவர்களையும் உங்கள் ஜெபங்களில் தாங்குங்கள்.